பழி மட்டும் என் மேலே

பக்கவாதம் வந்து பதினோராம் நாள் காலையில் பாட்டுக்காரர் வாய் திறந்து பாடினார். அதுவரை அவர் வாயிலிருந்து வந்தது 'தா' என்ற ஒற்றை எழுத்து மட்டும்தான். தாகமெடுத்தாலும் தா, தலையணை சரிந்தாலும் தா, டாக்டர் வந்து பெயரைக் கேட்டாலும் தா. வலது கையும் வலது காலும் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனவைபோல் படுக்கையில் கிடந்தன. பேச ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் கொட்டாவி விடக்கூட இடைவெளி கொடுக்காத மனிதர் அவர்.

அன்று காலை இரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸ், கட்டிலில் தொங்கிய அட்டையில் பெயரைப் படித்துவிட்டு முகத்தை உற்றுப் பார்த்தாள். தன்னுடைய கல்யாண வரவேற்பில் பாடியவர் இவர்தானே என்று கேட்டாள். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஆமாம் என்றாள். நர்ஸுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டே அவருடைய பிரபலமான பாட்டின் முதல் வரியை மெல்லப் பாடினாள்.

"ஊத்திக் கொடுத்தது உன் கண்ணு..."

"குடிச்ச பழி மட்டும் என் மேலே" என்று பாட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். ஒரு சொல்லும் சிதையவில்லை, சுருதியும் விலகவில்லை. நிறுத்தாமல் அடுத்த இரண்டு வரிகளும் வந்தன.

"விட்டுடச் சொன்னா விட்டுடுவேன்,
உன்னை விட்டாத்தானே அது முடியும்."

பக்கத்துப் படுக்கைக்காரர் எழுந்து உட்கார்ந்தார். வாசலில் இரண்டு பேர் கைபேசியைத் தூக்கிப் பிடித்தார்கள். நர்ஸ் அழுதேவிட்டாள். பாட்டுக்காரருக்கே அது ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். கோணிய வாயோடு சிரித்து மறுபடி முதல் வரிக்குப் போனார். எல்லோரும் மனைவியைப் பார்த்தார்கள். உங்களுக்காக எழுதின பாட்டுதானே அக்கா, கடைசியில் அதுதான் அவரைக் காப்பாற்றியிருக்கிறது என்றாள் நர்ஸ். மனைவி சிரித்தாள். வெந்நீர் பிடித்து வருவதாகச் சொல்லி பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். தாழ்வாரத்துக் குழாயடியில் பிளாஸ்க் நிரம்பி வழிந்து கை சுட்ட பிறகுதான் குழாயை மூடினாள்.

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைச் சக்கரத்தில் வைத்து ஓரம் தேய்ப்பது, பிரேமைச் சூடாக்கி வளைத்து அதில் உட்கார வைப்பது, கடுகளவு திருகாணியை முடுக்குவது எல்லாம் அவள் பொறுப்பு. கடையில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் கண்ணாடியக்கா. பாட்டுக்காரரை அவள் முதலில் பார்த்தது அந்தக் கடையில்தான். உடைந்த பிரேமோடு வந்து, அது சரியாகும்வரை நின்ற நிலையில் அரைப் பாட்டு பாடிக் காட்டிவிட்டுப் போனார். அந்தக் குரலுக்காகத்தான் கட்டிக்கொண்டாள். குரலோடு குடியும் வருகிறது என்பது தெரியாமல் இல்லை. கல்யாணமானால் விட்டுவிடுவார் என்று எல்லோரும் சொன்னார்கள்; எல்லோரும் சொன்னதை அவளும் நம்பினாள்.

இரண்டாம் வருஷம், மகள் வயிற்றில் நாலு மாதம் இருந்தபோது, முதல் அறை விழுந்தது. மறுநாள் காலையில் அவர் எதுவும் சாப்பிடவில்லை. ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து, அவள் கடையிலிருந்து கொண்டுவந்த கண் பரிசோதனைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினார், அடித்தார், எழுதினார். பிறகு அவளை எதிரே உட்கார வைத்துப் பாடிக் காட்டினார். பல்லவி முடிந்து சரணத்தில் இந்த வரிகள் வந்தன:

"அடிச்ச கையைத்தான் நீ பிடிச்சே,
அதைவிடத் தண்டனை ஏது சொல்லு?"

அவள் தேம்பித் தேம்பி அழுதாள். தன்னை வைத்து ஒருவர் பாட்டுக் கட்டுவார் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. கன்னத்து வீக்கம் வடிவதற்குள் பாட்டு அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

அந்தப் பாட்டுதான் அவரைத் தூக்கிவிட்டது. வரவேற்பு மேடைகளில் அதைப் பாடாமல் மைக்கைக் கீழே வைக்க விடமாட்டார்கள். ஒரு சின்ன நிறுவனம் பதிவு செய்து வெளியிட்டது. பேருந்தில், சலூனில், பக்கத்து வீட்டுக் கைபேசியில் எல்லாம் கேட்டது. மேடையில் பாடும்போது மூன்றாவது வரிசைப் பக்கம் கையை நீட்டி, "இந்தப் பாட்டுக்குச் சொந்தக்காரி அதோ உக்கார்ந்திருக்கா" என்பார். நூறு தலைகள் திரும்பும். புதுப்பெண்கள் அவளைப் பொறாமையோடு பார்ப்பார்கள். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லமாட்டார், நீங்கள் கொடுத்து வைத்தவர் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னவர்கள் உண்டு. அவளும் தலையாட்டியிருக்கிறாள்.

வீட்டில் அதற்கு வேறு உபயோகம் இருந்தது. குடிப்பார், கத்துவார், கை நீளும். மறுநாள் அந்தப் பாட்டு. ஒருமுறை அவர் அறைந்து சாத்திய கதவிடுக்கில் சிக்கி அவளுடைய சுண்டு விரல் ஒடிந்தது. கடையில் ஷட்டர் இறக்கும்போது நசுங்கிவிட்டது என்று சொன்னாள். அதற்கும் மறுநாள் பாட்டுதான். மகள் தன் பதினைந்தாவது வயதில் ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்: "அம்மா, அந்தப் பாட்டுல எங்கயாவது 'மன்னிச்சுடு'ன்னு ஒரு வார்த்தை இருக்கா?" சின்னப் பெண் பேசுகிற பேச்சா இது என்று கண்ணாடியக்கா அதட்டினாள். அன்று மதியம் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். இல்லை. லென்ஸின் ஓரம் சில்லு விட்டிருந்தது. வேறொன்று எடுத்துத் தேய்க்க வேண்டியதாயிற்று.

மகள் பத்தொன்பது வயதில் வீட்டை விட்டுப் போனாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து, தோழியோடு ஒரு அறை எடுத்துத் தங்கிக்கொண்டாள். அம்மாவோடு தினமும் போனில் பேசுவாள். அப்பாவைப் பற்றிக் கேட்கமாட்டாள். இப்போது அவர் விழுந்ததும் முதல் ஆளாக வந்து நின்று, ஆம்புலன்ஸுக்கு வழிவிடாத கார்க்காரர்களைத் திட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தவளும் அவள்தான். ஆனால் கட்டிலருகே வந்தால் கால்மாட்டில்தான் நிற்பாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்மணி வந்து நிலைமையை விளக்கினார். பேச்சு இருக்கிற பக்கம் மூளையில் அடிபட்டிருக்கிறது. பாட்டு இருக்கிற பக்கம் தப்பித்திருக்கிறது. அதனால் பாட்டைப் பிடித்துக்கொண்டே பேச்சுக்குப் போகப் பார்க்கலாம். அவரோடு சேர்ந்து யாராவது பாட வேண்டும், இடது கையைப் பிடித்துத் தாளம் தட்ட வேண்டும். பாட்டு பழகியபின் அதே மெட்டில் வேறு சொற்களை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி.

"வேற பாட்டு எடுத்துக்கலாமா?" என்று கண்ணாடியக்கா கேட்டாள். "அவருக்கு நூத்துக்கணக்கில தெரியும்."

முயன்று பார்த்தார்கள். தாலாட்டு, பள்ளிக்கூடப் பாட்டு, மேடைப் பாட்டு என்று பலதும் எடுத்துக் கொடுத்தார்கள். எதிலும் இரண்டு சொல்லுக்கு மேல் வரவில்லை. இது ஒன்று மட்டும் முழுசாக வந்தது.

வீட்டுக்கு வந்தபின் அது அவர்களுடைய நித்திய வேலையாகிவிட்டது. காலையில் அவருக்குப் பல் தேய்த்து, உடம்பு துடைத்து, நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, கண்ணாடியக்கா எதிரே ஸ்டூல் போட்டுக்கொள்வாள். அவருடைய இடது கையைத் தன் கையில் வாங்கி, முழங்காலில் மெல்லத் தட்டித் தட்டிப் பாடுவாள். இருபத்துநாலு வருஷம் அவர் பாட அவள் கேட்ட பாட்டு. இப்போது அவள் பாட வேண்டியிருந்தது. ஊத்திக் கொடுத்தது தன் கண் என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. சரணம் வரும்போது இருமுவதுபோல் ஒரு கணம் நிறுத்தித் தொடர்வாள். அவர் மட்டும் எந்தத் தடங்கலும் இல்லாமல், குளித்து முடித்த குழந்தையின் முகத்தோடு பாடுவார்.

முதலில் மாற்றிக் கொடுத்த சொல் 'தண்ணி கொடு'. 'ஊத்திக் கொடுத்தது' என்ற இடத்தில் அது சுலபமாகப் பொருந்தியது. இருபது நாளில் அவர் தாகமெடுத்தால் இழுத்துப் பாடிக் கேட்கப் பழகினார். ஞாயிற்றுக்கிழமை வந்த மகள் அதைக் கேட்டுவிட்டு, "இவ்வளவு வார்த்தை இருக்கும்போது முதல்ல கத்துக்கிட்டது தண்ணியா?" என்றாள். அம்மாவும் மகளும் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. பிறகு 'பசிக்குது' வந்தது, 'வலிக்குது' வந்தது, 'லைட்டைப் போடு', 'போதும் போதும்' வந்தது. நாலு மாதத்தில் ஒன்பது வாக்கியங்கள். பயிற்சியாளர் அதையெல்லாம் ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்து, உங்களை மாதிரி பொறுமையான ஆளை நான் பார்த்ததில்லை என்று கண்ணாடியக்காவிடம் சொன்னார்.

அதற்குப் பின் வந்த ஞாயிறு மகள் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"இத்தனை சொல்லிக் கொடுத்திருக்கியே. இன்னும் ஒண்ணே ஒண்ணு சொல்லிக் கொடேன்."

என்ன என்று அம்மா கேட்கவில்லை. கேட்காமலேயே தெரிந்தது. பைத்தியக்காரத்தனமாகப் பேசாதே, நம் வாயிலிருந்து போய் அவர் வாய் வழியாகத் திரும்பி வருவதற்குப் பெயர் மன்னிப்பா என்றாள். மகள் நோட்டை மூடி வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ஆனால் அந்தப் பேச்சு கண்ணாடியக்காவின் மனதில் முள்ளாக உட்கார்ந்துகொண்டது. கடையில் ஒருவருடைய கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்துகொண்டிருக்கும்போது அவளுக்கே தோன்றியது, புதிதாக வைக்க வேண்டியது இரண்டே சொற்கள்தான் என்று. 'குடிச்ச பழி மட்டும் என் மேலே' என்பதை 'அடிச்ச தப்பெல்லாம் என் மேலே' என்று ஆக்கினால் போதும். மெட்டு அப்படியே கிடக்கும்.

மறுநாள் காலை ஆரம்பித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. ஏதோ திருட்டு வேலை செய்கிறவள்போல் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று வாரம் ஆயிற்று. பழைய சொல் நாக்கில் ஊறிப் போயிருந்ததால் திரும்பத் திரும்ப 'குடிச்ச'வுக்கே போனார். அவள் கையை அழுத்தி நிறுத்துவாள், மறுபடி முதலிலிருந்து. ஒரு வியாழக்கிழமை காலையில் பிசகில்லாமல் வந்தது.

"அடிச்ச தப்பெல்லாம் என் மேலே."

பாடிவிட்டு அவர் அவள் முகத்தைப் பார்த்தார். தண்ணீர் கேட்டுச் சரியாக வந்துவிட்டால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி. அவள் தலையாட்டினாள். அவர் சந்தோஷப்பட்டு இன்னொரு தடவை பாடினார். கண்ணாடியக்கா தன் நெஞ்சுக்குள் ஏதாவது நடக்கிறதா என்று காத்திருந்து பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைக்கு நேரமாகிவிட்டது. பால் தம்ளரை அவர் கையில் கொடுத்து, பார்த்துக்கொள்ள வரும் அம்மாளுக்குக் கதவைத் திறந்துவிட்டுப் போனாள்.

அந்த வாரமே அவர் குழுவில் கீபோர்டு வாசித்தவர் பார்க்க வந்தார். பாட்டுக்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. தண்ணி, பசி, லைட்டு என்று கற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பாடிக் காட்டினார். கடைசியில் புதிதாகக் கற்றதையும் எடுத்துவிட்டார். நாற்காலிக் கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த கீபோர்டுக்காரரின் விரல்கள் நின்றன.

"வரி மாறியிருக்கே" என்றார்.

"நான்தான் மாத்தினேன்."

கீபோர்டுக்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். கிளம்பும்போது வாசல்வரை வந்து நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "எங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்காதீங்கம்மா. ஒருநாள் விரல்ல கட்டோட வந்து மூணாவது வரிசையில உக்கார்ந்திருந்தீங்க. அன்னிக்கும் நாங்க வாசிச்சோம். ஒருத்தனுக்கும் கை நடுங்கலை."

அவர் தெருமுனை திரும்பும்வரை அவள் வாசலிலேயே நின்றாள். இத்தனை காலமும் தன்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த நினைப்பில்தான் எத்தனையோ நாள் முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தபோது அவளை மொட்டைமாடிக்கு அழைத்துப் போனாள். துணி மடித்துக்கொண்டே, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன் அவர் சிகிச்சைக்குப் போய் வந்து எட்டு மாதம் குடிக்காமல் இருந்தார் அல்லவா? அந்த எட்டு மாதமும் அவர் பாடவில்லை. மேடைக்குப் போகவில்லை. வீட்டில் விருந்தாளிபோல் இருந்தார். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பார், தேங்க்ஸ் என்பார். சத்தமில்லை, சண்டையில்லை. அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இருப்புக்கொள்ளவில்லை. அந்த மரியாதையான மனிதர் யாரென்றே தெரியவில்லை. ஒரு சாயங்காலம், டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, அவளே கேட்டாள், அந்தப் பாட்டை ஒரு தடவை பாடுங்களேன் என்று. வேண்டாமே என்றார். அவள் விடவில்லை. பாடினார். அடுத்த வாரம் குடித்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை, மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கும்வரை.

"அவர் இன்னிக்கு இப்படிக் கெடக்கிறதுக்கு நான்தான்டி காரணம்" என்றாள்.

மகள் கையிலிருந்த துண்டைக் கொடியிலேயே திரும்பப் போட்டாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும்.

"பாட்டுல என்ன சொல்லியிருக்காரோ அதையே நீயும் சொல்றே பாரு. ஊத்திக் கொடுத்தது நீ, குடிச்சது மட்டும் அவர். இருபத்துநாலு வருஷம் காதுல ஓதி ஓதி உன்னை நம்ப வெச்சுட்டாரும்மா. நீ ஒரு பாட்டுக் கேட்டே. அவ்வளவுதான் பண்ணினே."

"எனக்கு அது வேணும்போல இருந்துச்சு. அதுதான் தாங்க முடியலை."

 மகள் அம்மாவின் தோளில் தலையை வைத்துக்கொண்டாள். சின்ன வயதில்கூட அவள் அப்படி ஒட்டிக்கொண்டதில்லை. கீழே தெருவில் யாரோ காரைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். மகள் எட்டிப் பார்த்து, ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடிக்கிறான் பார் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்.

மறுவாரம் கண்ணாடியக்கா பயிற்சியாளரிடம், இனி மெட்டு இல்லாமல் பழக்க முடியுமா என்று கேட்டாள். எப்படியும் அடுத்த கட்டம் அதுதான் என்றார் அவர். மெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாக்கி, பேசுவதுபோல் சொல்ல வைக்க வேண்டும். சில வாக்கியங்கள் உதிர்ந்து போகலாம், மனம் தளரக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

அப்படித்தான் நடந்தது. 'லைட்டைப் போடு' போயிற்று. 'பசிக்குது' பாதியாகக் குறைந்து 'பசி' ஆயிற்று. 'தண்ணி' தங்கியது, 'வலிக்குது' தங்கியது, 'போதும்' தங்கியது. பயிற்சியாளர் நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே வந்தார். கடைசி வரியைக் கண்ணாடியக்கா தன் கையாலேயே நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அதைக் கிழித்துவிடலாமா என்று நினைத்திருக்கிறாள், கிழிக்கவில்லை. பயிற்சியாளர் அதைப் படித்துவிட்டு அவளை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார்.  பிறகு பாட்டில்லாத குரலில், சொல் சொல்லாக, பாட்டுக்காரர் முன்னால் வைத்தார்.

"அடிச்ச. தப்பெல்லாம். என். மேலே."

"அடிச்ச" என்றார் பாட்டுக்காரர்.

நின்றுவிட்டார். வாய் அடுத்த சொல்லுக்காகத் திறந்தபடி இருந்தது. கண்கள் மனைவியிடம் போயின. இந்தத் தடவை அவர் பாராட்டுக்காகப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்து தன் இடது கையை மெல்ல உருவிக்கொண்டு, மடியில் செத்துக் கிடந்த வலது கையை எடுத்துச் சட்டைக்கு அடியில் தள்ளினார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

பயிற்சியாளர் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார். பாட்டுக்காரர் திரும்பவில்லை. நீளமான வாக்கியம், அசதியாகியிருக்கும், வேறு ஒன்றும் இல்லை என்றார் பயிற்சியாளர். அப்படியும் இருக்கலாம். 

அதற்குப் பிறகு பாட்டுக்காரர் அந்தப் பாட்டைப் பாடவில்லை. யாராவது வந்து எடுத்துக் கொடுத்தாலும் உதட்டை இறுக்கிக்கொண்டார். டாக்டர் பார்த்துவிட்டு, முன்னேற்றம் இத்தோடு நிற்கலாம் என்றார். மொத்தம் நாலு சொற்கள் மிஞ்சின. அந்த நாலை வைத்துக்கொண்டு ஒரு வீட்டில் ஒருநாளை ஓட்டிவிட முடிகிறது. மகள் ஞாயிறுதோறும் வந்து அவருக்கு முகச்சவரம் செய்கிறாள். கன்னத்தைத் திருப்ப வேண்டுமென்றால் விரலால் தொட்டுக் காட்டுகிறாள், பேசுவதில்லை.

கண்ணாடியக்கா தினமும் கடையிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டு, பயிற்சிக்கு உட்காரும் அதே நேரத்துக்கு ஸ்டூலைப் போட்டு அவர் எதிரே உட்காருகிறாள். கையைப் பிடிப்பதில்லை. அவர் ஜன்னலைப் பார்ப்பார், அவள் தரையைப் பார்ப்பாள். அந்த அரை மணி நேரத்தை என்ன செய்வது என்று இருவருக்குமே தெரியவில்லை.